பூனைக் கதவு: வருவதைத் தடுக்கவா, போவதைத் தடுக்கவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெளியே போய்வரும் பூனை வைத்திருப்பவர்கள், அதன் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பை வாசித்துத் திறக்கும் சிறு கதவொன்றை வாங்கிப் பொருத்திவிட்டால் அயல்பூனைத் தொல்லை தீர்ந்துவிடும் என்று சென்ற வாரம் தங்கள் பத்திரிகையில் வந்த வளர்ப்புப் பிராணிகள் பற்றிய குறிப்பு ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தது. சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அதே ஒரு வரியை ஒரு கடைக்காரர் வாயால் கேட்டு நம்பித்தான் நானும் ஒரு கதவை வாங்கினேன். ஆறு மாதம் கழித்து அதைக் கழற்றிக் கராஜில் வைத்துவிட்டு இன்னொன்றை வாங்கினேன். இங்கிலாந்தில் நம்மவர் வீடுகளிலும் பூனைகள் பெருகிவரும் இந்நாளில், அந்த வரியில் விடுபட்டதை எழுதுவது மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

நாங்கள் லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். சிறிய பின்வளவுள்ள சாதாரண வீடு. இரண்டு பூனைகள்: கறுப்பிக்கு வயது பதினான்கு, சின்னானுக்கு நான்கு. ஊரில் பூனைக்கென்று ஒரு வாசல் வைக்க யாரும் நினைத்ததில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடைவெளியும் குசினி யன்னல் கம்பிகளும் போதுமாக இருந்தன. இங்கே குளிருக்காக வீட்டின் ஒவ்வொரு இடுக்கையும் அடைத்து வைத்திருப்பதால் பூனைக்கென்று தனி வழி செய்ய வேண்டியிருக்கிறது. இந்த வழக்கம் புதியதும் அன்று. எக்ஸிற்றர் பேராலயத்தில் 1598ஆம் ஆண்டு, எலி பிடிக்கும் பூனை போய்வருவதற்காகக் கதவொன்றின் அடியில் வட்டத் துளை போடத் தச்சருக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள்; அந்தத் துளை இன்றும் அங்கே இருக்கிறது. அந்தத் துளை வழியே எந்தப் பூனையும் வரலாம், எந்தப் பூனையும் போகலாம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

எங்களிடம் முதலில் இருந்தது காந்தக் கதவு. பூனையின் கழுத்துப் பட்டியில் தொங்கும் சிறு காந்தம் அருகே வந்ததும் தாழ்ப்பாள் விலகும். ஆனால் அந்தக் காந்தம் தாழ்ப்பாளை மட்டும் இழுப்பதில்லை. சின்னான் ஒருநாள் மூன்று அங்குல ஆணியொன்றைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டபடி வந்து நின்றான். இன்னொரு நாள் அவன் சாப்பாட்டுக் கிண்ணத்தருகே கிடந்த தேக்கரண்டி அவனோடு மாடிப்படி ஏறியது. கிளையில் மாட்டினால் கழுத்து நெரிபடாமல் இருப்பதற்காகப் பூனையின் பட்டி தானாகக் கழன்றுவிடும்படி செய்யப்படுகிறது. ஆகவே பட்டி கழன்ற இரவு பூனை மழையில் நிற்கும். இவற்றுக்கும் மேலாக, காந்தத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. அயல்வீட்டுச் செம்மஞ்சள் கடுவன் பூனையின் கழுத்திலும் அதே மாதிரிக் காந்தம்தான் தொங்கியது.

அந்தக் கடுவன் வந்து கிண்ணத்தை நக்கி முடித்துவிட்டுப் போனதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அதன் வீட்டு அம்மையாரிடம் சொன்னபோது, “அதுதானே, கொஞ்ச நாளாக இவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கவலைப்பட்டேன்” என்றார். ஆனால் அது சுவாமி அறைத் திரைச்சீலையில் மூத்திரம் பீய்ச்சிவிட்டுப் போன பிறகு வீட்டில் பொறுமை எஞ்சவில்லை. அதற்குப் போட்டியாகச் சின்னானும் வரவேற்பறையில் அதையே செய்யத் தொடங்கினான். தன் வீட்டுக்குள்ளேயே வேறு பூனையின் மணம் வந்தால் ஒரு பூனை எவ்வளவு கலங்கும் என்பதையும், அந்தக் கலக்கம் சிறுநீர்ப்பை அழற்சியாகவும் வெளிப்படலாம் என்பதையும் மிருக வைத்தியர் விளக்கிய பிறகே, சிப் வாசிக்கும் கதவு ஆடம்பரப் பொருள் அன்று என்று என் கணவர் ஒப்புக்கொண்டார்.

இங்கிலாந்தில் 2024 ஜூன் 10ஆம் திகதி முதல், வீட்டில் வளர்க்கும் பூனைக்கு 20 வார வயதாவதற்குள் மைக்ரோசிப் வைத்து, அதன் விவரத்தைப் பதிவுத் தளமொன்றில் சேர்த்திருக்க வேண்டும் என்பது சட்டம். சிப் இல்லாத பூனை கண்டுபிடிக்கப்பட்டால் அதை வைப்பதற்கு 21 நாள் தவணை உண்டு. அதன் பிறகும் வைக்காவிட்டால் 500 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் இது பொருந்தும். ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் இச்சட்டம் பொருந்தாது. சட்டம் எப்படியும் சிப் வைக்கச் சொல்வதால், அந்தச் சிப்பையே வீட்டுத் திறப்பாகவும் (சாவியாகவும்) பயன்படுத்துவது புத்திசாலித்தனமான காரியம்தான். ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கதவு, பதிவுத் தளத்தோடு எந்தத் தொடர்பும் கொள்வதில்லை. வீடு மாறிய பிறகு புதிய முகவரியைப் பதிவில் மாற்றாதவரின் பூனைக்கும் கதவு ஒழுங்காகத் திறக்கும். அந்தப் பூனை தொலைந்தால் மட்டும் பழைய வீட்டுக்குத்தான் தொலைபேசி அழைப்புப் போகும்.

சிப் என்பது ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் நீளமுள்ள, அரிசியளவு கண்ணாடிக் குமிழ். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் வைக்கிறார்கள். அதற்குள் பற்றரி இல்லை. பூனை எங்கே நிற்கிறது என்று அது யாருக்கும் சொல்லாது. (சொல்லும் என்று நம்பிக்கொண்டிருக்கும் உறவினர்கள் எனக்கு மூவர் இருக்கிறார்கள்.) பூனை தலையை நீட்டியதும் கதவின் சிறு நுழைவழியான சுரங்கத்திலுள்ள சென்சர் விழித்துக்கொள்ள, அங்கே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் ஒரு வானொலி அலையை அனுப்புகிறது, அந்த அலையிலிருந்தே ஆற்றல் பெற்றுச் சிப் தன் 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்கிறது, அந்த எண் நினைவகத்தில் இருந்தால் ஒரு சிறு மோட்டார் தாழ்ப்பாளை இழுக்கிறது. பக்கத்தில் குந்தியிருந்து கேட்டால் “டிக்” என்ற ஒலியும், ஒரு கணம் கழித்துக் கதவு ஆடும் ஓசையும் கேட்கும். அந்த ஒரு கணத்தைப் பொறுத்துக்கொள்ளச் சின்னானுக்கு ஒரு வாரம் பிடித்தது. வட அமெரிக்காவிலிருந்து பூனையோடு குடிபெயர்ந்தவர்கள் மட்டும், தங்கள் பூனையின் சிப் அங்கே முன்பு பரவலாக இருந்த 9 அல்லது 10 இலக்கச் சிப்பாக இருக்கலாம் என்பதால், வாங்கப்போகும் கதவு அதையும் வாசிக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, நான் எழுத வந்த விடயம். சிப் வாசிக்கும் கதவுகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, பூனை உள்ளே வரும்போது மட்டும் சிப்பை வாசிக்கும். வெளியே போவதற்கு எந்தப் பூனையும் தள்ளினாலே போதும். மற்ற வகை, போகும்போதும் வாசிக்கும். ஆகவே இந்தப் பூனை போகலாம், அந்தப் பூனை போகக் கூடாது என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். பெட்டியின் மேல் இரண்டிலும் “மைக்ரோசிப்” என்றே பெரிதாக எழுதியிருக்கிறது. படமும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் சிறிய எழுத்தில் ஓரத்தில் இருக்கிறது. நான் கடையில் இதைப் பற்றிக் கேட்டபோது, “எல்லாம் ஒன்றுதான், விலைதான் வேறு” என்று பதில் வந்தது. விலை குறைந்ததை வாங்கினேன்.

அயல்பூனையை மறிப்பதற்கு அது போதுமாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. கடுவன் வந்து தலையால் இரண்டு முறை முட்டிப் பார்த்துவிட்டு, அவமானப்பட்டவன் போலத் திரும்பிப் போனதை யன்னலால் பார்த்து நான் மகிழ்ந்தேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கறுப்பிக்குச் சிறுநீரகம் தளர்ந்து, கண்ணும் மங்கத் தொடங்கியது. அவளை வெளியே விட வேண்டாம் என்றார் வைத்தியர். எங்கள் கதவில் ஒரு திருகு இருந்தது: முழுவதும் திறந்திருக்க, முழுவதும் பூட்ட, உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும் என்று நான்கு நிலைகள். “உள்ளே வர மட்டும்” என்று வைத்தால் கறுப்பி போக மாட்டாள். சின்னானும் போக முடியாது. திறந்து விட்டால் இருவரும் போவார்கள். அதிகாலை மூன்று மணிக்குச் சின்னான் கதவடியில் நின்று கத்துவான். நான் எழுந்து வந்து, கறுப்பியைக் கையில் தூக்கிக்கொண்டு, திருகைத் திருப்பி அவனை அனுப்பி, மறுபடி திருப்பிவிட்டுப் போய்ப் படுப்பேன். இரண்டு மாதம் ஒரு தானியங்கிக் கதவுக்கு நானே காவலாளியாக இருந்தேன். கடைசியில் இரு பக்கமும் வாசிக்கும் கதவை வாங்கினோம். துளையின் அளவு ஒன்றாகவே இருந்ததால் பின்கதவுப் பலகை பிழைத்தது.

ஆகவே, வீட்டில் ஒரே பூனை, அதுவும் நல்ல தேகாரோக்கியத்தோடு இருக்கிறது, தொல்லை வெளியிலிருந்து மட்டும்தான் என்றால் ஒரு பக்கம் வாசிப்பது போதும். ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருந்தால், அல்லது இருக்கும் ஒன்றுக்கு வயதாகிக்கொண்டு வந்தால், இன்றைய தேவையை மட்டும் பார்க்காமல் இரு பக்கமும் வாசிப்பதை வாங்குவதே மேல். இரண்டுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம், நான் இரண்டு கதவுகளுக்குக் கொடுத்த காசோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

கதவுக்குப் பூனைகளைப் பழக்குவது பற்றி ஒரு வெட்கக்கேட்டையும் எழுத வேண்டும். சிப் வாசிக்கும் அந்த முதல் கதவைப் பொருத்திய நாளில் நடந்தது இது. அதன் பொத்தானை அழுத்தினால் விளக்கு மின்னத் தொடங்கும். அதன் பிறகு எந்தச் சிப் முதலில் சுரங்கத்துக்குள் வருகிறதோ அதைத் தன் வீட்டுப் பூனை என்று அது மனதில் பதித்துக்கொள்ளும். நான் பொத்தானை அழுத்திவிட்டு, தட்டில் மீன் வைத்துச் சின்னானைக் கூப்பிட மேலே போனேன். மீனின் மணம் சின்னானை முந்தி வேறொருவரை எட்டிவிட்டது. நான் இறங்கி வந்தபோது செம்மஞ்சள் கடுவன் குசினி நடுவில் குந்தியிருந்து மீனைத் தின்றுகொண்டிருந்தது. கதவு அதை முறைப்படி குடும்ப உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டிருந்தது. தனியாக அந்த ஒன்றை மட்டும் நீக்க அந்தக் கதவில் வழி இல்லாததால், பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். பூனையைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே பொத்தானைத் தொடுங்கள்.

அளவைப் பலர் கவனிப்பதில்லை. இந்நாட்டில் நன்கு அறியப்பட்டது, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக் ஹில் என்ற இயற்பியலாளர் தம் பூனைக்காக ஒரு கதவை வடிவமைத்துத் தொடங்கிய ஷுவர்ஃபிளாப் நிறுவனம். அதன் சாதாரணக் கதவின் நுழைவழி ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர் அகலமும் 12 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. அதே நிறுவனத்தின் பெரிய கதவில் அது ஏறக்குறைய 18க்கு 17 ஆகிறது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இந்த எண்கள் ஒன்றும் சொல்லாது. காலைத் தானியப் பெட்டியின் அட்டையில் அந்த அளவுக்கு ஒரு துளை வெட்டி, இரண்டு கதிரைகளுக்கு நடுவே நிறுத்தி, அப்பால் ஒரு துண்டு கோழியிறைச்சி வையுங்கள். பூனை தோளைக் குறுக்காமல் நடந்து போனால் சிறியது போதும். மெயின் கூன் போன்ற பெருத்த சாதிப் பூனைகளுக்குப் போதாது. பெரிய கதவு வாங்கினால் எல்லாருக்கும் பொருந்தும்தானே என்று நினைப்பதும் சரியன்று: குளிர்காற்று கூட வரும், பலகையில் வெட்டும் துளையும் பெரிதாகும்.

லண்டன் ரூட்டிங்கிலுள்ள நண்பர் ஒருவரின் வீட்டில் கதவு பத்தில் நான்கு தடவை திறக்க மறுத்தது. கதவைக் குறை சொல்லி மாற்றினார்கள்; புதியதும் அப்படியே செய்தது. பின்னர் மிருக வைத்தியர் வாசிப்புக் கருவியைப் பூனையின் முதுகில் நகர்த்திப் பார்த்தபோது, சிப் தோள்பட்டை நடுவில் இல்லை. தோலுக்கடியில் நகர்ந்து இடது முன்னங்காலின் பக்கமாக இறங்கியிருந்தது. சுரங்கத்தின் மேற்பகுதியிலுள்ள வாசிப்பானுக்கு அது எட்டவில்லை. கழுத்துப் பட்டியில் மாட்டும் சிறு மின்னணு வில்லையை அந்தக் கதவுக்குப் பழக்கிச் சமாளித்தார்கள். ஆகவே கதவு வாங்குவதற்கு முன், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது வைத்தியரிடம் சிப்பை ஒருமுறை வாசித்து, அது எங்கே இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். அரை நிமிட வேலை.

எதில் துளை போடுவது என்பதுதான் செலவை ஏற்றும். மரக் கதவிலும் பிளாஸ்ரிக் பலகையிலும் கைத்திறன் உள்ள எவரும் போட்டுவிடலாம். ஆனால் பிளாஸ்ரிக் கதவுக்கு உத்தரவாதம் இருந்தால் துளையோடு அதுவும் போய்விடக் கூடும். இரட்டைக் கண்ணாடி என்றால், பதப்படுத்திய கண்ணாடியை வெட்ட முடியாது. துளையோடு புதிய கண்ணாடி செய்வித்து மாற்ற வேண்டும், அந்தக் கூலி பூனைக் கதவின் விலையைத் தாண்டிவிடும். செங்கல் சுவரில் போட நீட்டிப்புச் சுரங்கத் துண்டுகள் விற்கிறார்கள். உலோகக் கதவு வானொலி அலையைக் குழப்பும் என்பதால், துளையைப் பெரிதாக வெட்டி, மரச் சட்டமொன்றை இடையில் வைத்துப் பொருத்த வேண்டும். அடுக்குமாடியில் பொது நடைபாதைக்குத் திறக்கும் முன்கதவு தீத் தடுப்புக் கதவாக இருக்கும். அதில் கை வைக்கவே கூடாது. வாடகை வீடென்றால் சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். துளையின் அடிவிளிம்பு பூனையின் வயிற்று மட்டத்தில் இருக்க வேண்டும். வெளியே தரை பள்ளமாக இருந்தால் ஒரு கல்லை வையுங்கள், வயதான பூனைக்கு அது பெரிய உதவி. பூனைக் கதவு உள்ள பெரிய கதவின் பூட்டில் திறப்பை மாட்டி வைத்துவிட்டுப் படுக்காதீர்கள்; துளையால் கை நீட்டி யாரும் திறந்துவிடலாம்.

பெரும்பாலான கதவுகள் நான்கு பற்றரிகளில் இயங்குகின்றன. அவை ஏறக்குறைய ஓராண்டு வரை நிற்கும். மின்னேற்றிப் பயன்படுத்தும் பற்றரிகள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்தான் தருவதால் அவற்றை விட்டு, சாதாரண அல்கலைன் பற்றரிகளைப் போடுவது நல்லது. பற்றரி தீர்ந்தால் கதவு திறந்து கிடக்கும் என்று நினைக்க வேண்டாம்: வெளியே போன பூனை வெளியேதான் நிற்கும். ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும் அன்றே நான் இந்தப் பற்றரிகளையும் மாற்றிவிடுகிறேன். அந்தக் காலம் வேறொரு வகையிலும் முக்கியமானது. தீபாவளியும், இந்நாட்டவர் வாணவேடிக்கை விடும் நவம்பர் 5ஆம் திகதி இரவும் அடுத்தடுத்து வருவதால் ஹரோவில் மூன்று வாரம் வெடிச் சத்தம் ஓயாது. பொழுது படுமுன் கதவை “உள்ளே வர மட்டும்” என்ற நிலைக்கு மாற்றிவிட்டால், வெளியே இருப்பவன் வந்து சேர்வான், வந்தவன் மறுபடி போக மாட்டான். மற்ற நாட்களிலும் இரவில் பூனையை உள்ளே வைத்திருப்பது வீதி விபத்தைக் குறைக்கும் என்று பூனை நலச் சங்கங்கள் சொல்கின்றன. குறித்த நேரத்தில் தானாகப் பூட்டும் கதவுகளும், இணையத்தோடு இணைந்து கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் கதவுகளும் இதற்கு உதவும். எங்கள் இரண்டாவது சிப் கதவு இந்தக் கடைசி வகை. “சின்னான் வீட்டுக்கு வந்துவிட்டான்” என்ற செய்தி ரொறன்ரோவிலுள்ள மகளின் தொலைபேசிக்கும் போகிறது. அவன் வரப் பிந்தினால் அவள் அங்கிருந்து அழைத்து என்னிடம் விசாரிக்கிறாள். இது வசதியா தொல்லையா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தக் கதவுகள் எதுவும் பூனை வாயில் கவ்விவரும் எலியைத் தடுக்காது. கேமராவால் இரையைக் கண்டு கதவைப் பூட்டும் வகைகள் அண்மையில் வந்திருக்கின்றன. விலையைப் பார்த்துவிட்டு நான் எலியோடு சமாதானமாகிவிட்டேன்.

தங்கள் குறிப்பைப் படித்துவிட்டு இந்த வார இறுதியில் கடைக்குப் போக இருக்கும் வாசகர்கள், போகும்போதும் சிப்பை வாசிக்குமா என்ற ஒரு கேள்வியையாவது பெட்டியைத் திருப்பிப் படித்துத் தெளிவாக்கிக்கொள்ளும்படி அடுத்த இதழில் ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையேன். கராஜிலுள்ள எங்கள் முதல் சிப் கதவு இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அயல்பூனைத் தொல்லை மட்டுமே உள்ள வாசகர் யாராவது தங்கள் அலுவலகம் மூலம் கேட்டால் இலவசமாகத் தருவேன். கடுவனின் எண்ணை அதிலிருந்து அழித்தாயிற்று. பற்றரி மட்டும் அவர்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஹரோ, லண்டன்.